மிமூவுக்கு இறக்கை முளைத்த விவரம்

தி. நகர், சென்னை-17
8-4-1998

அன்புள்ள மாப்பிள்ளை சக்திவேல் அவர்களுக்கு அத்தான் வெள்ளைச்சாமி எழுதிக்கொண்டது.

இங்கே நான், உங்கள் அக்கா மீனாட்சி, உங்கள் மருமகள் ஷண்முகப்ரியா மூவரும் சுகம். நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதுவும் சுகம். சிங்கப்பூரில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அந்த நான்காவது எப்படிச் சுகமாக இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறாள்.

பொங்கல் சமயத்தில் உங்கள் சிநேகிதர் வழியாக நீங்கள் கொடுத்தனுப்பிய பையில் சென்ட் பாட்டில், தைலம், சாக்லேட் இவை போக, முட்டை வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்ததே, நினைவிருக்கும். சங்கிலி தொங்கியதால் நான் அதைச் சாவிக்கொத்து என்று நினைத்து ஜவுளிக்கடைச் சாவியை மாட்டிவிட்டேன். அது வீடியோ கேம் என்றும், உள்ளே ஒரு ஜீவன் இருக்கிறதென்றும், அதன் பெயர் மிமூ என்றும் ப்ரியா அழாத குறையாகச் சொன்ன பிறகுதான் கழற்றினேன். நீங்கள் வாங்கும்போது பார்த்தீர்களோ என்னவோ, அதன் உருவத்தைச் சொல்லிவிடுகிறேன். இட்லி போல உடம்பு. அதன் மேல் கறிவேப்பிலை போல இரண்டு காது. கண் என்று இரண்டு புள்ளி. கால் கிடையாது, ஆனால் குதிக்கும். சந்தோஷம் வந்தால் காது இரண்டையும் கோத்துக்கொண்டு பம்பரமாய்ச் சுற்றும். இடம் அசுத்தமாகிவிட்டால் ஒரு காதை மடக்கிக் கண்ணைப் பொத்திக்கொள்ளும். கோபம் வந்தால் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடும். அதுவாகத் திரும்புகிற வரைக்கும் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பலன் இல்லை. (இந்தக் குணம் யாருக்கு உண்டென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடிதத்தை உங்கள் அக்கா படிப்பாள் என்பதால் இதோடு விடுகிறேன்.) ரொம்பப் பிரியம் வந்துவிட்டால் எங்கிருந்தோ ஒரு கூழாங்கல்லை உருட்டிக்கொண்டு வந்து நம் முன்னால் வைக்கும். ஏன் வைக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

இப்படி ஒரு ஜீவனை ப்ளஸ் டூ எழுதப்போகிற பிள்ளைக்கு அனுப்பலாமா என்று அப்போதே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மாடல் பரீட்சை சமயத்தில் உங்கள் அக்கா அதைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டாள். எடுத்துப் பார்த்தபோது மிமூ செத்துக் கிடந்தது. இதைச் செய்த ஜப்பான்காரன் பெரிய மனது பண்ணி, செத்தால் மறுபடி முட்டையிலிருந்து ஆரம்பிக்க வழி வைத்திருக்கிறான். ஆனாலும் பிள்ளை கெமிஸ்ட்ரி பேப்பரை வெறித்துப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். வாங்கிய மார்க்கை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. பொதுப்பரீட்சைக்கு முதல் நாள் புதிய மிமூவைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, இது இருந்தாலும் என்னால படிக்க முடியல, செத்தாலும் படிக்க முடியல. பரீட்சை முடியிற வரைக்கும் நீங்க வச்சுக்கோங்க. உயிரோட குடுங்க, அது போதும்" என்றாள். அவளாக வந்து என்னிடம் ஒன்றைக் கேட்பது ரொம்ப நாளைக்கப்புறம் நடப்பதால், யோசிக்காமல் சரி தாயி என்று வாங்கிக்கொண்டேன்.

வாங்கியவன் அதைக் கடையில் கல்லாப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். உயிர் இருந்தால் அது பாட்டுக்கு இருக்கப்போகிறது என்பது என் எண்ணம். மத்தியானம் திறந்தால் மிமூ தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கிறது, தலைக்கு மேல் கருப்பாய் ஒரு மேகம். எனக்கு வேட்டி நழுவாத குறை. வீட்டுக்குப் போன் போட்டேன், மீனாட்சி எடுத்தாள், சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன். பொத்தான்களில் ஒன்று சோறு, ஒன்று குளியல், ஒன்று மருந்து என்று ப்ரியா சொன்னதில் எது எது என்று மறந்துபோய், பசியோடு இருந்த ஜீவனை வரிசையாய்க் குளிப்பாட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. தும்மத் தொடங்கிவிட்டது. பிறகு எப்படியோ மருந்து விழுந்து, சோறு விழுந்து, நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து அதைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவில்லை. ஒன்று மட்டும் அதனிடம் நல்ல பழக்கம், மாப்பிள்ளை: ராத்திரி கடை சாத்துகிற நேரத்துக்குக் காதைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடும், காலையில் கடை திறக்கும்போதுதான் எழுந்திருக்கும். வியாபாரி வீட்டில் வளரவேண்டிய ஜாதகம்.

அடுத்தது மயிலாப்பூர்க்காரர்கள் வந்த நாள். அனந்தராமன் என்று ஒரு பாங்க் மேனேஜர், அவர் சம்சாரம் கோமளம் அம்மாள், பெண் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்க வந்தார்கள். கடை முழுக்கப் பிரித்துப் போட்டாகிவிட்டது, அந்த அம்மாளுக்கு ஒரு அரக்கு நிறமும் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பையில் மிமூ அழுகிறது. சோறு போட்டேன், நிற்கவில்லை. குளிப்பாட்டினேன், நிற்கவில்லை. கவுண்டருக்கு அடியில் குனிந்துகொண்டு மருந்து கொடுத்தேன், துப்பிவிட்டது. என்ன சத்தம் என்று அனந்தராமன் கேட்க, பிள்ளை அழுகிறது சார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கோமளம் அம்மாள் புடவையைக் கீழே வைத்துவிட்டார்.

"கொழந்தையைக் கவுண்டருக்கு அடியிலயா வெச்சிண்டிருக்கேள்?"

வேறு வழியில்லாமல் எடுத்துக் காட்டினேன். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பசியா என்றார், இல்லை என்றேன். ஜுரமா என்றார், இல்லை என்றேன். "அப்போ இது பொய் அழுகை. எங்காத்துல ரெண்டை வளர்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ஒரு அதட்டுப் போடுங்கோ." அதட்டுவதற்குத் தனிப் பொத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு மனசு வரவில்லை என்று சொன்னேன். எது என்று கேட்டு அவரே அமுக்கிவிட்டார். மிமூ முதுகைத் திருப்பி உட்கார்ந்தது. கடையே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மெதுவாகத் திரும்பி, ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்து அந்த அம்மாள் முன்னால் வைத்தது பாருங்கள். கோமளம் அம்மாள் முகம் பூத்துப் போய், ஒரு மணி நேரமாக ஒதுக்கித் தள்ளிய அரக்குப் புடவையையே எடுத்து, இதுதான் நன்னா இருக்கு என்று பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு கொழந்தை எப்படி இருக்கு என்று கடைக்கு அடிக்கடி போன் வேறு. உங்கள் அக்கா ஒருநாள் கடைக்கு வந்தபோது அந்தப் போனை எடுத்துவிட்டாள். அதில் நடந்ததை நேரில் சொல்கிறேன்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டப் போவதாகவும், சித்திரை முதல் வாரமே தொடங்குவதாகவும் பேச்சு வந்தது. சித்திரை, வைகாசி முகூர்த்தத்தை நம்பித்தான் எங்கள் தெருவில் எல்லாரும் சரக்கு எடுத்து அடுக்கியிருக்கிறோம். பள்ளத்தைத் தாண்டி எந்தப் பெண்வீட்டார் உள்ளே வருவார்கள்? பாண்டி பஜார் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் அதிகாரியை வரவழைத்து வியாபாரிகள் கூட்டம் போட்டோம். நான் எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறந்தவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்; என் கல்யாணத்தில்கூட எனக்காக என் அண்ணன்தான் பேசினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேசியவர்கள் எல்லாரும் கத்தினார்கள், அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது பைக்குள் மிமூவின் சத்தம். இந்த முறை நிஜப் பசி. அந்தச் சத்தம் வேறு மாதிரி இழுக்கும், எனக்குப் பழகிவிட்டது. வெளியே போய்ச் சோறு போடலாம் என்று எழுந்தேன். எங்கள் சங்கச் செயலாளர் ஜவஹர், சைதாப்பேட்டைக்காரர், மைக்கில் சொல்லிவிட்டார்: "இன்னா அண்ணாச்சி, எதுனா சொல்லணுமா? வா, முன்னாடி வந்து சொல்லு."

மண்டபமே திரும்பிப் பார்க்கிறது. போனேன். வலது கையில் மைக், இடது கை சட்டைப் பையில். சோற்றுப் பொத்தானைத் தடவிக்கொண்டே, மனசில் அந்த நேரம் என்ன இருந்ததோ அதையே சொன்னேன்.

"ஐயா, எங்க வீட்ல ஒரு சின்ன ஜீவன் இருக்கு. அது கத்துறதெல்லாம் பசி இல்ல, பாதி பொய்யி. ஆனா கத்துற வரைக்கும் காப்பாத்திரலாம். கவனிக்காம விட்டா ஒரு நேரத்துல கத்துறத நிப்பாட்டிரும், தலைகீழாக் கவுந்துரும். அதுக்கப்புறம் மருந்துதான், சோறு எறங்காது. நாங்க இன்னைக்கிக் கத்திக்கிட்டு இருக்கோம். இதுல பாதி பொய்யாக்கூட இருக்கலாம். முகூர்த்தத்துல தெருவத் தோண்டினீகன்னா கத்த மாட்டோம் ஐயா, கவுந்துருவோம்."

அவ்வளவுதான். பாதி பொய் என்று நான் ஒப்புக்கொண்டதும் முன்வரிசையில் இரண்டு பேர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதிகாரி முதல் தடவையாகக் கடிகாரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டில் இருப்பது பூனையா என்று கேட்டார். இல்லை சார், இன்னும் என்னவென்று தெரியவில்லை, வளர்ந்துகொண்டிருக்கிறது என்றேன். பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ பேசிவிட்டு, ஆனி முடிந்த பிறகு தோண்டுவதாக அங்கேயே சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை, ஆள் ஆளுக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கியதில் என் மோதிரம் பதிந்து விரல் வீங்கிவிட்டது. ஜவஹர் தோளில் கை போட்டு, "இன்னாமா பேசினே அண்ணாச்சி, இத்தினி நாளா இத எங்க வச்சிக்கினு இருந்தே?" என்றார். சட்டைப் பையில் என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஒதுங்கிப் போய் எடுத்துப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்து, எனக்கென்று ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காத்திருந்தது. எனக்கு அது வைத்த முதல் கல்.

ப்ரியா கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு, ராயப்பேட்டையிலிருந்து வந்து அவளோடு படிக்கிற ஷாகிராவையும் அழைத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தாள். நான் மிமூவை எடுத்து நீட்டினேன். காலையில்தான் அந்த அதிசயம் நடந்திருந்தது: காது இரண்டும் நீண்டு, விரிந்து, அசல் இறக்கையாக மாறியிருந்தது. ப்ரியா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், அத்தனை வாடிக்கையாளருக்கு முன்னால். ஷாகிராவுக்கு அவள் அத்தா துபாயிலிருந்து அனுப்பிய மிமூ ஒன்று இருக்கிறது. அவளுக்கு இதில் எல்லாம் அத்துபடி. கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க கிளாஸ்ல யாரோடதுக்கும் இறக்கை வந்ததே இல்ல அங்கிள்" என்றாள். கேட்டீர்களா? சர்ச் பார்க் கான்வென்ட்டிலிருந்தெல்லாம் கார் வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் இவர்களுடைய டியூஷன் கிளாஸில் இருக்கிறார்கள். அவர்கள் ஒருத்தருக்கும் வரவில்லை, வெள்ளைச்சாமி வளர்த்ததுக்கு வந்திருக்கிறது. கெமிஸ்ட்ரி எப்படி தாயி என்று கேட்டேன். கேட்டதற்கு மேலேயே எழுதியிருக்கிறேன் என்றாள். தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். பரீட்சைக்கா, தெருவுக்கா, இறக்கைக்கா என்று கேட்டவர்களுக்கு எல்லாத்துக்கும்தான் என்றேன். உங்கள் அக்கா மட்டும், "பெத்த பிள்ளைக்கு ஒரு நாள் பால் ஆத்திக் குடுத்திருப்பீகளா? இதுக்கு எறக்க மொளச்சதுன்னு ஊருக்கே லட்டு" என்றாள். சொல்லிவிட்டு அவளும் இரண்டு சாப்பிட்டாள்.

தங்கச்சிக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும். பிள்ளைகள் அங்கே மிமூ வைத்திருந்தால், வளர்ப்பதில் எந்தச் சந்தேகம் வந்தாலும் கூச்சப்படாமல் எனக்கு எழுதச் சொல்லுங்கள். வைகாசியில் ஊர்ப் பொங்கலுக்கு வருவீர்கள் என்று எதிர்பார்க்கிறோம். அம்மன் துணை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு அத்தான்,
வெள்ளைச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ஷாகிரா வீட்டுக்கு வந்தாள். இறக்கை முளைப்பதற்கு எப்படி வளர்க்க வேண்டும் என்று அவளிடம் கேட்டேன், உங்கள் பிள்ளைகளுக்கும் எழுதலாமே என்றுதான். ப்ரியா வேண்டாம் வேண்டாம் என்று கண் காட்டியும் அந்தப் பெண் சொல்லிவிட்டாள். ஒழுங்காக வளர்த்தால் மிமூ குண்டாகி, சேர்த்த கல் மேல் ஏறிச் சுகமாக உட்கார்ந்துகொள்ளுமாம். அடிக்கடி குளிப்பாட்டி, வேண்டாத மருந்தைக் கொடுத்துப் படுத்தினால்தான் இறக்கை முளைக்குமாம். வளர்த்தவரைப் பிடிக்கவில்லை, கிளம்பப் போகிறது என்று அர்த்தமாம். அவள் கசின் வீட்டு மிமூ இறக்கை வந்த மறுநாளே பறந்துபோய்விட்டதாம். ஆகவே வளர்ப்புச் சந்தேகங்களை எனக்கு எழுத வேண்டாம். ஆனால் மாப்பிள்ளை, நம் மிமூவுக்கு இறக்கை முளைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் போகவில்லை. விரித்துப் பார்க்கிறது, மடக்கிக்கொள்கிறது, சோறு கேட்கிறது. பேட்டரி தீரப் போகிறது, அதற்குப் பறக்கத் தெம்பில்லை என்கிறாள் உங்கள் அக்கா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதற்கும், அந்தப் பொத்தான் பேட்டரியில் நல்லதாக நாலு, யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள்.