மாப்பிள்ளை வந்த தடமா, போன தடமா?

யார் பேச்சையும் கேட்காமல் ஒரு காரியத்தைச் செய்து, அது சரியாகவும் அமைந்துவிட்டால், அந்த ஆளோடு அப்புறம் குடும்பம் நடத்துவது மகா கஷ்டம். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் எனக்கு டிராயிங் போடும் வேலை. அப்பா எப்போதோ ஏலத்தில் எடுத்துக் கோழி அடைய விட்டிருந்த பழைய பட்டாளத்து ஜீப்பை நானே பிரித்து மாட்டி ஓட வைத்திருந்தேன். (கோழிகள் என்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.) மிச்சம் இருந்தது டயர்தான்.

அப்போது ஜீப் வைத்திருந்த அத்தனை பேருக்கும் அகல டயர்ப் பைத்தியம். டயர் கடைக்காரரும் அதையே உருட்டிக்கொண்டு வந்தார்.

"இதைப் போடுங்க அம்மணி. வண்டி கும்முனு நிக்கும்."

"எனக்கு நிக்க வேண்டாமுங்க. போகோணும்" என்றேன்.

நான் கேட்டது பட்டாளத்து ஜீப்புகளில் வரும் ஒல்லி டயர். அகல டயர் சேற்றின் மேல் மிதக்கப் பார்த்து வழுக்கும். ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். ஸ்டியரிங்கும் லேசாகத் திரும்பும். இதையெல்லாம் கடையிலேயே பேப்பரில் படம் போட்டு விளக்கினேன். (கேட்டுக்கொண்டிருந்தவர் பஞ்சர் ஒட்ட வந்தவர். பாவம், நழுவ வழியில்லை.) மாட்டி முடித்ததும் என் வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏம்மா, எருமைக்குக் கொக்குக் காலு வெச்சாப்பல இருக்குது."

தார் ரோட்டில் அந்த டயர்கள் போட்ட ஊளைக்குத் தெரு நாய்கள் பதில் சொல்லின. நான் அசரவில்லை. மழை வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது. தம்பி செந்திலின் கல்யாணத்தன்று வந்தது.

பெண் வீடு தொண்டாமுத்தூர்ப் பக்கம். தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்த கோயில் மண்டபத்தில், காலையில் வெள்ளென முகூர்த்தம். வேனும் கார்களும் முன்னால் போக, நாங்கள் ஜீப்பில் பின்னால் போனோம். மண்டபத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னால் பள்ளத்தில் தண்ணீர் ரோட்டை மூடிக்கொண்டு ஓடியது. ஓரமாக ஒதுங்கப் பார்த்த வேன் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பின்னால் கார்கள் வரிசையாக நின்றன.

அப்பா வேனிலிருந்து இறங்கி, தாலி இருந்த தாம்பாளத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்.

"கண்ணு, உன் வண்டி போகுமா?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

"ஏறச் சொல்லுங்கப்பா!"

மாப்பிள்ளை முன்னால். தாம்பாளத்தோடு என் வீட்டுக்காரர் பின்னால். மாப்பிள்ளையின் அக்கா செய்யும் இணைச்சீர்ச் சடங்குக்காகக் கட்டிய பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான்கு சக்கரத்துக்கும் கியரைப் போட்டுத் தோப்புக்குள் திருப்பினேன். சேறு முழங்கால் அளவு இருந்தது. வண்டி ஒரு முறைகூடத் திணறவில்லை. வெண்ணெயில் கத்தி மாதிரி போனது.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று கத்திக்கொண்டே ஓட்டினேன்.

பின்னால் என் வீட்டுக்காரர் துப்பிக்கொண்டிருந்தார். ஜீப்புக்குக் கதவு கிடையாது. டயர் வாரி இறைத்த சேறெல்லாம் அவர் வாயிலும் தாம்பாளத் துணியிலும் இருந்தது.

வண்டி எங்கேயாவது சிக்கியிருந்தால் இறங்கி யாரிடமாவது வழி கேட்டிருப்பேன். சிக்கவே இல்லை. அதனால் நிற்கவும் இல்லை. விடியாத மழை இருட்டு, கரண்டும் இல்லை. மண்டபத்தின் பின்பக்கத்தையே தாண்டி, மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன்.

அதற்குள் வேன் டிரைவர் நடந்தே மண்டபத்துக்கு வந்து, "மாப்பிள்ளை அப்பவே ஜீப்புல கெளம்பிட்டாருங்களே" என்று சொல்லியிருக்கிறார். பெண்ணின் சித்தப்பா டார்ச்சோடு பின்னால் ஓடிப் பார்த்தார். சேற்றில் புதுத் தடம். வந்து, நிற்காமல், போயிருந்தது.

எந்தப் பக்கம் போயிருக்கிறது? அங்கேதான் வினை. பட்டாளத்து டயரின் பட்டைகள் எந்தப் பக்கம் உருண்டாலும் ஒரே மாதிரித் தடம் போடும். தடத்தைப் பார்த்து வண்டி போன திசையை எதிரி கண்டுபிடிக்கக் கூடாதென்று அப்படிச் செய்தார்களாம். இது வந்த தடமா, போன தடமா என்று சித்தப்பாவாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மாப்பிள்ளை மண்டபத்தைப் பார்த்துப்போட்டுக் கோயமுத்தூருக்கே திரும்பிட்டாப்பல இருக்குதுங்க!" என்று உள்ளே வந்து சொல்லிவிட்டார்.

பெண்ணின் அம்மா நாற்காலியில் சாய்ந்தார். முகூர்த்த நேரம் நெருங்குகிறதென்று ஐயர் கையைப் பிசைந்தார். கல்யாணப் பெண் சுதா மட்டும் மாலையைச் சரிசெய்துகொண்டே கேட்டாளாம்: "ஓடிப்போறவரு அக்காளையும் அக்கா ஊட்டுக்காரரையுமா கூட்டிட்டு ஓடுவாரு? கொஞ்சம் பொறுங்க, வருவாரு."

வந்தோம். மலையடிவாரத்தில் யானை விரட்டக் காவல் இருந்த ஒருவர் எங்களைத் திருப்பி விட்டார். (எங்கள் டயர் ஊளையைக் கேட்டுப் பட்டாசைக் கையில் எடுத்துவிட்டாராம்.) வேறு வழியாகப் பாய்ந்து வந்து, சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். அடுக்கி வைத்திருந்த வாழை இலைகள் மேல் ஒரு கூடைச் சேறு விழுந்தது.

சுதாவின் அப்பா எங்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார். தலை முதல் கால் வரை எல்லோரும் ஒரே நிறம்.

"ஏனுங்க, இதுல மாப்பிள்ளை யாருங்க?"

என் வீட்டுக்காரர் செந்திலைக் கையால் சுட்டிக் காட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் உள்ளுக்குள், சிக்கவில்லையே, சிக்கவே இல்லையே என்று ஒரு குரல் துள்ளிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையை மோட்டார் தொட்டியில் முக்கி எடுத்து, மாமனார் வேட்டியைக் கட்டி உட்கார வைத்தார்கள். அதற்குள் நான் ஜீப்பைத் திருப்பிப் போய், அம்மாவையும் அப்பாவையும் பெரியவர்களையும் நடை நடையாக ஏற்றி வந்தேன். இந்த முறை வழி தெரிந்திருந்தது. தாலி கட்டும்போது எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் மண்டபத்தில் இருந்தார்கள். அன்றைக்கு அந்தப் பள்ளத்தைத் தாண்டிய ஒரே வண்டி என்னுடையது. இதை நான் இன்றுவரை யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாண ஆல்பத்தில் முதல் வரிசையில் நிற்கும் எனக்குக் காதோரம் சேறு. டயரை நான் மாற்றவில்லை. தேய்ந்தபோதெல்லாம் அதே ஒல்லி டயரைத்தான் தேடிப் பிடித்துப் போட்டேன்.

அந்தக் குடும்பத்தில் அப்புறம் யார் தாமதமாக வந்தாலும், "வந்த தடமா, போன தடமா?" என்றுதான் கேட்கிறார்கள். போன வருஷம் செந்திலின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெரிய காரில் வந்து இறங்கினார். அதே சித்தப்பா, வயதானவர், தடியை ஊன்றிக் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார். புது மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை.

"அகல டயருங்க" என்றார் சித்தப்பா, என் பக்கம் திரும்பி. "திரும்பிப் போனா தடத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். ஆனா மழை வந்தா மாப்பிள்ளை வண்டி சேத்துல உக்காந்துக்கும். எதுக்கும் அம்மணி, நீங்க ஜீப்பைத் திருப்பி நிறுத்தி வையுங்க."

நான் காலையிலேயே திருப்பி நிறுத்தியிருந்தேன்.