வேண்டாம் என்ற வேட்டைக்காரர்

நம்மிடையே 'வேண்டாம்காரர்' என்றொரு இனம் உண்டு. நம்மவர் வந்து குடியேறிய மல்வேர்னில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒருவராவது அகப்படுவார். லிஃப்ட் பழுதான நாளில் பத்து மாடி ஏறி, நாக்கு வறண்டு உங்கள் வீட்டுக்கு வருவார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால், "வேண்டாம், இப்பதான் குடிச்சுப்போட்டு வாறன்" என்பார். நம்பிவிடாதீர்கள். கண் கேத்திலில்தான் இருக்கும். இரண்டாந்தரம் கேட்டால் உங்களுக்கேன் வீண் கரைச்சல் என்பார். மூன்றாந்தரம் கேட்காமலே ஊற்றிக் கொடுத்தால் இரண்டு கோப்பை குடித்துவிட்டுச் சீனி காணாது என்பார். இந்தச் சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் ஒருவரும் மீறுவதில்லை. நகர எல்லையான ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே, வெள்ளைக்காரரின் பண்ணைப் பக்கம், இது செல்லுபடியாகாது என்பதுதான் பத்மநாதன் அண்ணைக்குத் தெரியாமற் போயிற்று.

அண்ணைக்கு ஒரு கொயோட்டி சுடவேண்டும். அது நரியிலும் பெரிது, ஓநாயிலும் சிறிது. ஆட்டுக்குட்டி என்றால் அதற்கு உயிர். தொண்ணூற்று நாலாம் ஆண்டு அண்ணை பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, துவக்கும் வாங்கி, எங்கள் பிளாஸ்டிக் ஃபக்டரியில் என்னோடு சேர்த்து அத்தனை பேருக்கும் அறிவித்துவிட்டார். இரண்டு பனிக்காலம் போயிற்று. ஒரு வெடிகூட வைக்கவில்லை. வைக்க இடம் வேண்டாமா? காணிக்காரன் ஓம் என்று சொல்லாமல் அவனுடைய வயலில் சுட ஏலாது. லஞ்ச் ரூமில் எல்லோரும் "எங்கை அண்ணை உங்கடை கொயோட்டி?" என்று கேட்கத் தொடங்கியபிறகு, அவர் காரிலேயே இருந்து சாப்பிட ஆரம்பித்தார். அது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் துவக்கோடு போகக்கூடாது என்பது அந்நாளைய சட்டம். ஆகவே ஞாயிறு இடம் பார்க்கும் நாள். வரைபடம் பிடிக்க நான். முன்பின் தெரியாத ஊரில் இடம் கண்டுபிடிக்கும் வித்தையில் அண்ணைக்கு நிகர் அண்ணைதான்: பெற்றோல் அடிக்கும் பெடியனிடம் எந்தப் பக்கம் ஊளை கேட்கிறது என்று விசாரிப்பார், தீவனக் கடையில் யாருடைய ஆடு குறைந்தது என்று துழாவுவார், பனியில் தடம் கண்டால் பிரேக்கை மிதித்து இறங்கி, இது நாயல்ல, நாய் அங்குமிங்கும் அலையும், இது நேரே போகிறது என்று தீர்ப்புச் சொல்வார், வேலியோரம் கிடக்கும் விட்டையைத் தடியால் கிண்டி "உதுக்குள்ளை முயல் ரோமம் தெரியுது பாரும்" என்று என் மூக்குக்கு நேரே நீட்டுவார். ஒருநாள் பின்னேரம் கார்க் கண்ணாடியை இறக்கித் தானே ஊளையிட்டார். தூரத்துப் பற்றைக்குள்ளிருந்து பதில் ஊளை வந்தது. இரண்டு வளர்ந்த மனிதர்கள் முழங்காலளவு பனியில் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

அந்தப் பற்றை இருந்தது கிளென் என்ற கிழவரின் ஆட்டுப் பண்ணையில். இனி என்ன? கதவைத் தட்டிக் கேட்கவேண்டியதுதானே?

அதெப்படி? முதல் நாளே போய் விஷயத்தைக் கேட்பதா? மனிதர் என்ன நினைப்பார்? முதல் ஞாயிறு பனியைப் பற்றிக் கதைத்தோம். இரண்டாம் ஞாயிறு வெறுங்கையோடு போகக்கூடாது என்று இருபது மட்டன் ரோல்ஸ் கொண்டுபோனோம். ஆடு வளர்க்கும் கிளென் அதில் ஏழு சாப்பிட்டார். மூன்றாம் ஞாயிறு அவருடைய முழங்கால் நோவுக்கு அண்ணை எண்ணெய் கொடுத்தார். நாலாம் ஞாயிறு கிளென் தாமாகவே வாயைத் திறந்தார். கொயோட்டிகள் அந்த மாதம் ஆறு குட்டிகளைக் கொண்டுபோய்விட்டனவாம். கண் கலங்கியிருந்தது. பிறகு அண்ணையைப் பார்த்து, உங்களுக்கு என் காணியில் வேட்டையாட விருப்பமா என்று நேரடியாகக் கேட்டார்.

இரண்டு வருடம். நாற்பது ஞாயிறு. எத்தனை தாங்க் பெற்றோல். அண்ணையின் காது சிவந்தது, வாய் தானாகத் திறந்தது.

"நோ, நோ. உங்களுக்கேன் கரைச்சல்," என்றார் ஆங்கிலத்தில்.

"ஓகே," என்றார் கிளென்.

அவ்வளவுதான். அண்ணை கதிரை நுனிக்கு நகர்ந்து, இரண்டாந்தரம் கேட்பதற்காகக் காத்திருந்தார். கிளென் வைக்கோல் விலையைப் பற்றிச் சொன்னார். அண்ணை சிரித்த முகத்தோடு காத்திருந்தார். கிளென் உழவு இயந்திரத்தின் பற்றரியைப் பற்றிச் சொன்னார். கடைசியில் வாசல்வரை வந்து கைகுலுக்கி வழியனுப்பினார்.

அடுத்த ஞாயிறு முற்றத்தில் ஒரு சிவப்புப் பிக்கப் நின்றது. அதன் சொந்தக்காரன் முதல்நாள்தான் அந்த வழியால் வந்தானாம். எஞ்சினைக்கூட நிறுத்தாமல், கொயோட்டி சுடலாமா என்று கேட்டானாம். கிளென் சுடு என்றாராம். இவனோ இந்த இடத்துக்குப் புதியவன், தடமெல்லாம் உங்களுக்குத் தெரியுமே, ஒருக்கால் காட்டிவிடுகிறீர்களா என்று கிளென் அண்ணையிடம் கேட்டார்.

காட்டினார் ஐயா! வேலி ஓட்டையைக் காட்டினார், பற்றையைக் காட்டினார், காற்று எந்தப் பக்கமிருந்து வீசினால் எங்கே பதுங்கவேண்டும் என்று படுத்தே காட்டினார். ஊளையிடவும் பழக்கிவிட்டார். அவன் நன்றி சொன்னதும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பனியைத் தட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

திரும்பும் வழியில், வீட்டுக்குக் கிட்ட மில்லிக்கன் வந்ததும் அண்ணை காரை மெதுவாக்கினார். பிறகு மெல்லச் சொன்னார்: "அந்தாள் இன்னொருக்காக் கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பன்."

நான் சிரிக்கவில்லை. உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த நாலாம் ஞாயிறு, அண்ணை வேண்டாம் என்றதும் கிளென் என் பக்கம் திரும்பி, அப்படியானால் நீங்கள், உங்கள் சிநேகிதரையும் கூட்டிக்கொண்டு வரலாமே என்று கேட்டார். அண்ணையைக் காப்பாற்ற ஒரு சொல் போதும். நான் வாயெல்லாம் பல்லாக, "நோ, தாங்க்யூ" என்றேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் சுப்பர்வைசர் வந்து, பகல் ஷிஃப்டில் ஒரு இடம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டபோது, பிள்ளைகளின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நெஞ்சு அடித்துக்கொள்ள, மற்ற ஆட்களுக்குக் கொடுங்கோ என்று சொன்னது யார்? இன்றைக்கும் அவர் உங்கள் மெஷினைக் கடந்து போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறீர்களே, எதற்கு?

கேட்கமாட்டார்.