மடியில் கனமில்லாத மனிதர்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போதே தரமாட்டேன். திரியின் அருமை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். திரி குட்டையாக இருந்தால் வெடி கையிலேயே வெடித்துவிடும். பார்க்கிறவனுக்குச் சுகமில்லை, பற்றவைத்தவனுக்கு விரலில்லை. ஆகவே பொறுங்கள். புகைந்துகொண்டே வரட்டும்.

என் பெயர் அழகுமீனா. பதினோராம் வகுப்பு. ஊர் சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம். யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன். மினிபஸ் கண்டக்டர் குரலில் "வண்டி எடுக்கப் போவுது, ஏறு ஏறு" என்று கத்தி, டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரையே ஓடவிட்டிருக்கிறேன்.

வினை அங்கேதான் ஆரம்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தோழி முஹ்சினாவின் போனை வாங்கி, மல்லாங்கிணற்றில் இருக்கும் என் அத்தை குரலில் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இது புது நம்பரு. கிடா வெட்டியிருக்கோம். நீ வராம கறியில கை வைக்க மாட்டேன்னு உன் மச்சான் உக்காந்திருக்காக."

அப்பா காலைப் பலகாரம்கூடச் சாப்பிடாமல், வயிற்றில் இடம் விட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். அங்கே அத்தை கொடுத்தது கம்மங்கஞ்சி. தொட்டுக்க வெங்காயம்.

திரும்பி வந்த மனிதர் என்னை முறைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றே அறிவித்தார்.

"இன்னையிலருந்து இந்த வீட்டுல உண்மை மட்டும்தான். ஒருத்தரும் பொய் பேசப்படாது."

"சரிங்க" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு ஏமாற்றம். அவர் ஒரு முழு வாக்குவாதத்துக்குத் தயாராக வந்திருந்தார்.

"ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"ஏன்? எதுக்கு?"

"அப்படிக் கேளு. உண்மைங்கிறது உலகத்துக்கே பொது. சிவகாசிக்கு ஒண்ணு, சீனாவுக்கு ஒண்ணு கிடையாது. எது நல்லது, எது கெட்டதுன்னு நிறுக்கிற தராசே அதுதான். தராசுல கள்ளம் இருந்தா கடையில அம்புட்டும் கள்ளம்."

"பொம்பளைக்கும் ஆம்பளைக்கும் பொதுவா?"

"பொது."

"உங்களுக்கும்?"

"எனக்குத்தான் முதல்ல. மடியில கனமிருந்தாத்தான வழியில பயம்? என் மடியில என்ன இருக்கு?"

அம்மா அவர் மடியைப் பார்த்தாள்.

"பீடியை விட்டுட்டீகளா?"

"அது விட்டு எம்புட்டு நாளாச்சு!"

சட்டம் பிறந்து வாயில் ஈரம்கூடக் காயவில்லை. அம்மா கையை நீட்டினாள். அப்பா கைலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் குதித்தார்.

"புருசன் மடியத் தொடுறியா? சந்தேகப்படுறியா? இது குடும்பமா, போலீஸ் ஸ்டேசனா?"

அன்று பெரிய சண்டை. அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அப்பா பெத்தணன், வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசு கம்பெனியில் லோடு வேன் ஓட்டுகிறார். அம்மா கற்பகவல்லி அதே கம்பெனியில் தரைச்சக்கரத்துக்கு வெடிமருந்து அடைக்கிறாள். வேன் நிறைய வெடி, டிரைவர் மடியில் தீப்பெட்டி. அணைக்கட்டு வளைவில் வண்டியை நிறுத்தி பீடி இழுப்பாராம். அம்மா என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்: "அவருக்குச் சோறு போடுறப்பவெல்லாம் கை நடுங்குது பிள்ள." அந்தக் குரலை மட்டும் நான் இதுவரை மிமிக்ரி செய்து பார்த்ததில்லை.

மறுவாரம் அம்மா புதுப் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"சிவகாசிக்கு. போர்மேன் பயிற்சி நடக்குதாம். நம்ம கம்பெனி போர்மேன் சீனிவாசகம் அண்ணாச்சி ஓய்வு பெறப் போறாக. அந்த இடத்துக்கு நான் வரலாம்னு இருக்கேன்."

அப்பா சிரித்தார். அவர் சிரிப்பு சரவெடி மாதிரி. ஒன்று வெடித்து, அடுத்ததைப் பற்றவைத்து, கடைசியில் இருமலில் போய் முடியும்.

"போர்மேனா! நீயா! போ தாயி, போயிட்டு வா!"

அம்மா போய்விட்டு வந்தாள். வாராவாரம் போனாள். வாராவாரம் அப்பா கேட்டார், அம்மா உள்ளது உள்ளபடி சொன்னாள், சரவெடி வெடித்தது. அவள் கோயிலுக்கோ ஜவுளிக்கடைக்கோ போகிறாள், உண்மைச் சட்டத்தைக் கேலி பண்ணத்தான் இப்படிச் சொல்கிறாள் என்று அப்பா முடிவுகட்டியிருந்தார்.

அதோடு விட்டாரா? டீக்கடையில் போய், "எம் பொண்டாட்டி போர்மேன் ஆகப் போறாளாம்ல!" என்று ஊரையே சிரிக்கவைத்தார். கொஞ்ச நாளில் கம்பெனி வாட்ச்மேன் பாலகுரு அவரிடமே கேட்டார்: "அண்ணே, மதினி போர்மேன் ஆகப் போறாகளாமே?"

அப்பா அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "நான் விட்ட சோக்கு எம்புட்டு தூரம் சுத்தி என்கிட்டயே வருது பாத்தியா!"

அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் பத்துக் குரலில் பொய் சொல்கிறேன், ஒரு வேளைக் கஞ்சியோடு மாட்டிக்கொள்கிறேன். இந்த அம்மா தன் சொந்தக் குரலில், பட்டப்பகலில், வெறும் உண்மையைச் சொல்கிறாள். அது அந்த மனிதரைச் சுற்றிச் சுவர் மாதிரி எழும்புகிறது. அவரே செங்கல் எடுத்துக் கொடுக்கிறார்.

போர்மேன் பரீட்சை நெருங்கியது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே படிப்பாள். நான் அதிகாரி குரலில் கேள்வி கேட்பேன்.

"மருந்து ரூமுக்குள்ளே நுழையும் முன் தொழிலாளி செய்ய வேண்டியது என்னம்மா?"

"செம்புத் தகட்டைத் தொடணும் சார். உடம்புல உள்ள கரண்டு இறங்கணும்."

"கேட்டில் போர்மேன் கேட்க வேண்டியது?"

"செல்போன் இருக்கா, தீப்பெட்டி இருக்கா, பீடி சிகரெட் இருக்கா..."

அப்பாவுக்குக் கட்டிலில் இருப்புக்கொள்ளவில்லை. விளையாட்டில் அவரும் சேர்ந்துகொண்டார்.

"ஏ கற்பகம், இப்படி மெத்துன்னு கேட்டா எவன் பயப்படுவான்? அதட்டிக் கேளு!"

"தீப்பெட்டி இருக்கா!"

"இன்னும்!"

"தீப்பெட்டி இருக்கா!"

"ஆங், இது போர்மேன். இன்னொண்ணு. இல்லைன்னு சொன்னா நம்பிறாத. அண்ணாச்சி மாதிரி சட்டைப் பையத் தடவிட்டு விட்டுறாத. களவாணிப் பயலுக மடியிலதான் சொருகி வச்சிருப்பானுக."

"அப்படியா?" என்றாள் அம்மா. "இது எனக்குத் தெரியாமப் போச்சே."

அது ஒன்றுதான் எனக்குச் சந்தேகம். அந்த வரி உண்மையா, பொய்யா? இன்னும் விளங்கவில்லை.

அவர் வெளியே போனதும் கேட்டேன்.

"அம்மா, நீ அப்பாவை ஏமாத்துறியா?"

"ஒரு சொல்லாவது பொய் சொன்னேனா?"

"சொல்லல. ஆனா அவரு நம்பலையே."

"உள்ளதச் சொல்றது என் வேலை. நம்புறது அவரு வேலை. ரெண்டு வேலையையும் நானே பாக்கணுமா?"

"அப்ப அப்பா சொன்ன தராசு?"

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.

"தராசு சரிதான் பிள்ள. மருந்துகிட்ட ராசாவும் ஒண்ணுதான், கூலிக்காரனும் ஒண்ணுதான். அங்கன அது பொதுதான். ஆனா ஒரு பொய்யும் சொல்லாம ஒரு ஆள இம்புட்டு தூரம் ஏமாத்த முடியுதுன்னா, தராசு மட்டும் போதாது போலிருக்கே. தட்டுல என்னத்த வைக்கிறோம்னும் பாக்கணும்ல? எனக்கே பயமா இருக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்றாள். சட்டம் அமலில் இருந்ததால் நம்பினேன்.

ஒரு திங்கட்கிழமை விடியலில் அம்மா கிளம்பினாள். "பரீட்சையில பாசாயிட்டேன். இன்னைக்கு கேட்டுல நான்தான் நிப்பேன். சொல்லிட்டேன்."

"சரிங்க போர்மேனம்மா!" சரவெடி. இருமல்.

எனக்கு லீவு. "நானும் வேன்ல வாறேன்ப்பா" என்றேன். "எதுக்கு?" என்றார். "வேடிக்கை பாக்க" என்றேன். அதுவும் உண்மை.

கேட்டில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வரிசையின் முன்னால் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் பருத்திச் சேலை, இறுக்கி முடிந்த கொண்டை, கழுத்தில் அட்டை. அம்மா. வீட்டில் இருப்பதைவிட ஒரு முழம் உயரமாகத் தெரிந்தாள்.

அப்பா வேனிலிருந்து இறங்கினார்.

"ஏ, இது என்ன வேசம்? சீனிவாசகம் அண்ணாச்சி எங்க?"

"அண்ணாச்சி சனிக்கிழமையோட ஓய்வு. நீங்க வரிசையில நில்லுங்க" என்றாள் அம்மா.

அப்பா பாலகுருவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். முதல் வெடி வெடித்தது. அடுத்தது பற்றவில்லை. ஏனென்றால் பாலகுரு சிரிக்கவில்லை. வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் முறை வந்தது.

"செல்போன்?"

"வண்டில."

"தீப்பெட்டி இருக்கா!"

அதே அதட்டல். அவர் சொல்லிக்கொடுத்த அதே இழுப்பு. இப்படி ஒரு மிமிக்ரி என் ஆயுசுக்கும் எனக்கு வராது. அப்பாவின் வாய் 'இல்லை' என்று சொல்லத் திறந்தது. வந்தது வேறு.

"வீட்டுல பேசிக்கிடலாமே" என்றார் மெல்ல.

"வீட்டுல உங்க மடியத் தொட்டாச் சண்டை. இங்கன தொட்டாச் சட்டம். நீங்களே எடுக்கிறீகளா, நான் எடுக்கவா?"

அப்பா மடியை அவிழ்த்தார். மேசைமேல் ஒரு பீடிக்கட்டு. அதன்மேல் ஒரு தீப்பெட்டி. வரிசையில் பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. தீப்பெட்டியை எடுத்துத் தண்ணீர் வாளிக்குள் போட்டபோது அம்மாவின் கை நடுங்கவில்லை. அதைத்தான் நான் பார்த்தேன்.

அப்பா வாளியைப் பார்த்தார். அம்மா கழுத்து அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பயிற்சி, பரீட்சை, டீக்கடை, பாலகுரு முதுகு, வெங்காயம் என்று அவர் சிரித்த சிரிப்பெல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. திரி முனைக்கு வந்துவிட்டது.

"ஏ கற்பகம்... அப்ப நீ சொன்னது அம்புட்டும் உண்மைதானா?"