யூனியன்வில்லில் அழுத செம்பு

அந்த ஆடி மாதம் புனிதவதி அன்ரியின் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் புறப்பட்டவர்களும் பாதிவழியில் இங்கே திரும்பினார்கள். பிள்ளையாரை எந்த நாளும் பார்க்கலாம். பேய் அழுவதை எந்த நாள் பார்ப்பது?

பேயின் இருப்பிடம், அன்ரி வீட்டுப் பலகைத் தரைக்கும் மண்ணுக்கும் இடையில் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய இருட்டுப் பொந்து. ஓடைக்கரைப் பள்ளத்து வீடு. அங்கே குழாயெல்லாம் சொட்டியது, மரமெல்லாம் பூஞ்சணம். பேயைக் கண்டுபிடித்தவர் இரத்தினவேல் சுவாமி. போன மாரிகாலம்வரை மார்க்கம் நகரில் காப்புறுதி விற்றவர்; இப்போது காவி.

"மருமகள் ஊரிலயிருந்து கொண்டுவந்த காப்பிலதான் உது ஒட்டிக்கொண்டு வந்திருக்கு, அம்மா. கழட்டித் தாங்கோ. கொண்டுபோய்ச் சாந்தி செய்யிறன்."

மருமகள் துர்க்கா காப்பை மறுகையால் பொத்திக்கொண்டாள். தாய் தன் தாலிக்கொடியை அழித்துச் செய்துபோட்ட காப்பு. பேய்க்கும் பவுணில்தானா ஆசை?

"மாமி, சுவாமி சொல்லிப் பொந்தின்ர சன்னலுகளைத் திறந்த பிறகுதானே சொட்டுக் கூடினது?"

"ஈரமெண்டால் திறந்துவிடுறதுதானே! ஊரில நாங்கள் செய்யேல்லையே? கழட்டு பிள்ளை."

சுவாமி பையிலிருந்து செம்பொன்றை எடுத்தார். வாயில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மந்திரம் சொல்லியபடி பொந்துக்குள் இறக்கித் தூக்கினார். செம்பு முழுக்க நீர்முத்து.

"பாருங்கோ, அழுகுது!"

"அம்மாளாச்சி!" என்றது கூட்டம். கணக்காளர் பொன்னம்பலம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பார்க்காமல் கும்பிடுவது வசதி.

துர்க்கா குசினிக்குப் போய், பிரிஜ்ஜிலிருந்து கோலாத் தகர ரின் ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். புழுக்கம் தாங்காமல் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, ரின்னும் வியர்த்து வழிந்தது.

"சுவாமி, உதுக்குள்ள இருந்து ஆர் அழுகினம்?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நக்கல் வேண்டாம் பிள்ளை. பேய் கோவிக்கும்."

"அப்ப செம்பைத் திறவுங்கோ."

"திறந்தால் கண் அவிஞ்சுபோம்!"

"என்ர கண்தானே!"

துணியை இழுத்துச் செம்பைக் கவிழ்த்தாள். பேய் சதுரம் சதுரமாய்த் தரையில் உருண்டது.

புனிதவதி அன்ரி ஒரு துண்டைக் கையில் எடுத்தார். "அட, உது ஐஸ் எல்லோ!"

மார்க்கத்தில் அவசரப் பூசை இருப்பது சுவாமிக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

காப்பு துர்க்காவின் கையிலேயே கிடந்தது. வெளியே இருந்த ஆடிப் புழுக்கம் திறந்த சன்னலால் புகுந்து குளிர்ந்த குழாயில் படிந்ததுதான் அத்தனை கண்ணீரும். அவள் கணவன் கீதன் சன்னல்களை அடைத்து, மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் தடித்த பொலித்தீன் விரித்தான். சொட்டு அடங்கியது.

கூட்டம் அடங்கவில்லை, ஸ்காபரோவில் ஏதோ சாமிப்படம் விபூதி கொட்டுகிறதாம், அங்கே போய்விட்டது. மண்ணை மூடுவது நல்லதுதான், ஐயாமாரே, அம்மாமாரே. மூளைக்கு மேல் விரித்திருப்பதை முதலில் உரித்தெடுங்கள்.