டீசல் கிருமிக்குக் கூழ் ஊற்றிய கேன்காரம்மா

தன்னிடம் பொருள் வாங்க வந்தவரை "இத்த ஏன் வாங்குற?" என்று திட்டிய வியாபாரி உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் மேனாம்பேடு தெருவில் தண்ணீர் கேன் விற்கும் கேன்காரம்மா. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சிலிண்டர் போடுகிறவர்கூட 'கேன்காரம்மா வீடு' என்றுதான் வழி கேட்பார்.

நான் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த புதிதில் கேன் கேட்டு போன் செய்தேன். மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க பில்டிங்ல போர் கீதுல்ல?"

"இருக்குங்க."

"தண்ணி வர்தா?"

"வருது."

"அப்பறம் இன்னாத்துக்கு நைனா இது? மெஷின்ல போட்டு சக்கையா புழிஞ்ச தண்ணி. இத்த மனுசன் குடிப்பானா?"

காசைக் கொடுத்துவிட்டுத் திருடன் மாதிரி முழித்தேன்.

அவர் குடிப்பது தன் வீட்டுக் கிணற்று நீர் மட்டும். ஆவடியில் ஒரு கல்யாணத்துக்குக் கேன் சப்ளை செய்துவிட்டு, பந்தி நடுவே நின்று "பாத்து, கம்மியா குடிங்க" என்று விருந்தாளிகளை மிரட்டியிருக்கிறார். பெண் வீட்டார் சாம்பாரில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பதறிவிட்டார்களாம்.

ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போன என் மனைவி, "என்னங்க, குழாயைத் திறந்தா பெட்ரோல் பங்க் வாசனை வருது" என்றாள். தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு தொழிற்சாலையில், ஜெனரேட்டருக்காகப் பூமிக்கடியில் புதைத்திருந்த டீசல் தொட்டி ஓட்டையாகி, யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் கசிந்திருக்கிறது. கேன்காரம்மாவின் கிணற்றை எட்டிப் பார்த்தோம். தண்ணீர்மேல் கலர் கலராக எண்ணெய் மிதந்தது.

தெருவே கேன் கேட்டு ஓடியது. குளிக்கக்கூடக் கேன். வேறு யாராக இருந்தாலும் அந்த வருமானத்தில் மாடி எழுப்பியிருப்பார்கள். இவர் வாசலில் உட்கார்ந்து, ஒரு கேனைத் திறந்து, டம்ளரில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு கஷாயம் மாதிரி விழுங்கினார். அவர் கேன் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. டீசல் வாசனையைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மறுநாள் கிணற்று நீரை ஒரு குடத்தில் மொண்டுகொண்டு நேராக அந்தத் தொழிற்சாலை மேனேஜரின் அறைக்குள் போய்விட்டார். பின்னாலேயே நாங்களும் போனோம்.

"வெயில்ல வேல செய்றீங்க சார். ஒரு டம்ளர் குடிங்க."

மேனேஜர் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் குடிக்கும்வரை அங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டு அம்மா தரையில் உட்கார்ந்தார். நாங்கள் போன் செய்ததில் சாயங்காலம் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் வந்தார்கள். சுத்தம் செய்யும் பொறுப்பு தொழிற்சாலை தலையில் விழுந்தது.

"கெணறு சுத்தமாயிட்டா உங்க வியாபாரம் படுத்துடுமே?" என்று கேட்டேன்.

"படுக்கட்டும். நான் கேன் தண்ணி குடிச்சிகினே சாவணுமா?"

வேலையைப் பார்க்க ஓர் இளம் இன்ஜினீயர் வந்தார். துளை போட்டு, மிதந்த டீசலை பம்ப் வைத்து உறிஞ்சினார்கள். டீசல் ஊறிய மண்ணைத் தோண்டி, தார்ப்பாய் விரித்துப் பல குவியல்களாகப் போட்டார்கள். இதை எங்கே கொட்டப் போகிறாய் என்று அம்மா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"கொட்ட மாட்டோம்மா. மண்ணுல இருக்கிற கிருமிங்களே டீசலைச் சாப்பிட்டுடும். நாம காத்தும் ஈரமும் கொஞ்சம் உரமும் குடுத்தா போதும்."

"டீசலயா துண்ணும்?"

"ஆமாம்மா."

"தொட்டுக்க ஒன்னும் இல்லாமயா?"

அதிர்ச்சியில் அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை. மறுநாளிலிருந்து காலையில் மொபெட்டை வேலியோரம் நிறுத்தி, "துண்ணுச்சுங்களா தம்பி?" என்று விசாரித்துவிட்டுத்தான் கேன் போடக் கிளம்புவார்.

ஆடி பிறந்தது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, ஒரு மண்குவியலில் மட்டும் டீசல் குறையவே இல்லை. இன்ஜினீயர் குனிந்து முகர்ந்து பார்த்தார். ஏதோ புளித்த வாடை வருகிறதே என்று குழம்பினார்.

"நான்தான் கூழு ஊத்தனேன்," என்றார் அம்மா பெருமையாக. "ரெண்டு குண்டான். ஊரே குடிக்குது, அதுங்க மட்டும் டீசலயே துண்ணுகினு கீதுங்களே."

இன்ஜினீயர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா, அதுங்க கூழைச் சாப்பிட்டுட்டு டீசலைத் தொடவே இல்லைம்மா."

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. தன் கிணறு சுத்தமாவதைத் தானே தள்ளிப்போட்டுவிட்டோம் என்பது புரிந்து கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அதுங்கள கொற சொல்லாத தம்பி. கூழு கெடச்சா டீசல எவன் துண்ணுவான்?"

அன்றிலிருந்து குவியல்களுக்கு அவர்தான் காவல். வேலையாட்கள் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தால்கூட விரட்டினார். ஒரு சோற்றுப் பருக்கை உள்ளே விழவில்லை.

மழைக்காலங்கள் வந்து போயின. கிணற்று நீரை எடுத்துப்போய்ச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு நாள் இன்ஜினீயர், "இனிமே குடிக்கலாம்மா" என்றார்.

"நீ குடி, பாக்கலாம்."

அவர் மடமடவென்று குடித்தார். அம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் ஒரு டம்ளர் குடித்தார். சொம்பைத் தேடி எடுக்க உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கையில் சொம்பு. "கேன ஓரமா வெய்யி. இத்த குடி." நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டீசலுக்குப் பயந்து தயங்கி, அவருக்குப் பயந்து குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது.

இப்போது எங்கள் வீட்டுக்குக் கேன் தேவையே இல்லை. அவர் கிணற்றிலிருந்தே குடத்தில் தண்ணீர் வந்துவிடுகிறது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை போன் போட்டு ஒரு கேன் கேட்கிறேன்.

"கெணத்துல தண்ணி ஊறிகினு கீது, இன்னாத்துக்கு நைனா கேனு?" என்று ஆரம்பிப்பார். முழுக்கத் திட்டி முடிக்கிறவரை நான் போனை வைப்பதில்லை. அந்தத் திட்டு விழாத வாரம் எந்தத் தண்ணீரும் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.