ஓடாத காருக்குக் கிடைத்த தள்ளுபடி

கப்பலில் மின்சார வேலை பார்க்கும் என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய வீட்டுக்காரர் அவர்களுக்கு,

உங்கள் மனைவி வணங்கி எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நானும் வீடும் சமையலறைக் குழாயும் (போன வாரம் சொட்டியது, இப்போது சொட்டவில்லை) நலம். அங்கே நீங்களும் உங்கள் முதுகுவலியும் நலமா என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன். முதுகுவலி நலமாக இருக்க வேண்டாம், நீங்கள் மட்டும் இருந்தால் போதும். உங்கள் தங்கை நலம். அவள் வாய் அதைவிட நலம்.

போன துறைமுகத்திலிருந்து நீங்கள் பேசியபோது கடைசியாகச் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "கார் இன்சூரன்ஸ் ஒண்ணே பதினோராயிரத்துச் சொச்சம் கேக்கறான். இப்படி ஒவ்வொண்ணும் ஏறிக்கிட்டே போனா நான் இறங்கி வந்து என்ன பண்றது? இன்னும் ஒரு வருஷம் இருக்கியான்னு கம்பெனியில கேக்கறாங்க. நீ சரின்னா கையெழுத்துப் போட்டுடறேன்." நான் பதில் சொல்ல வாயைத் திறக்கவும் லைன் போகவும் சரியாக இருந்தது. என் பதில் இந்தக் கடிதத்தின் முடிவில் வருகிறது. அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதீர்கள். பேப்பரிலும் அப்படித்தான் படிப்பீர்கள், எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ஃபோனை வைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். உங்களைக் கப்பலில் கட்டி வைத்திருப்பது இந்தப் பதினோராயிரத்து இருநூற்று ஐம்பதுதான் என்றால், அந்தக் கயிற்றை நானே கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாமே என்று தோன்றியது. உடனே பழைய பாலிசியை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு பக்கத்தையும் படித்து முடித்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்கு நாளில் முடித்தேன் என்பதை உங்கள் தங்கையிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதில் கலவரத்துக்குப் பணம் உண்டு, நிலநடுக்கத்துக்கு உண்டு, ஆகாயத்திலிருந்து ஏதாவது கழன்று நம் கார் மேல் விழுந்தால் அதற்கும் உண்டு. புருஷன் எட்டு மாதமாக ஊரில் இல்லாததற்கு எந்தப் பக்கத்திலும் ஒன்றும் இல்லை. இரண்டு தடவை தேடிவிட்டேன்.

பிறகு, எல்லாக் கம்பெனி விலையையும் ஒரே இடத்தில் காட்டும் என்று விளம்பரம் வருகிறதே, அந்த இணையதளத்துக்குப் போனேன். விலையைக் காட்டுவதற்கு முன்னால் என் ஃபோன் நம்பரைக் கேட்டது. கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லையா, கொடுத்துவிட்டேன். அரை மணி நேரம் ஆகவில்லை, அழைப்பு வர ஆரம்பித்தது, ஒருத்தர் வைத்தால் இன்னொருத்தர், உலை கொதித்துப் பொங்குகிறது, குக்கர் கத்துகிறது, வாசலில் கேஸ்காரர் மணியடிக்கிறார், இந்தப் பக்கம் ஒருத்தர் "மேடம், உங்க காரோட கலர் என்ன" என்கிறார், சாயங்காலத்துக்குள் பத்தொன்பது பேர். அத்தனை பேர் சொன்ன விலையையும் நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டேன். ஒரு கம்பெனியில் மட்டும் காத்திருக்கச் சொல்லி இருபத்திரண்டு நிமிடம் பாட்டுப் போட்டார்கள். நடுநடுவே ஒரு பெண் குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது. பதிவு செய்த குரல்தான், எனக்குத் தெரியாதா. இருந்தாலும் இந்த வீட்டில் என்னிடம் அப்படி யாராவது சொல்லி எட்டு மாதம் ஆகிறதா, ஃபோனை வைக்க மனம் வரவில்லை.

அந்த இணையதளத்தில் ஒரு கேள்வி என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. 'கணவர் உங்களுடன் வசிக்கிறாரா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். எதை அமுக்கினாலும் எனக்குச் சரியாகப் படவில்லை. உதவிக்கு என்று போட்டிருந்த நம்பரைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ரெண்டுல ஏதாவது ஒண்ணை அமுக்குங்கம்மா."

"இருக்கார்மா. ஆனா இங்க இல்ல."

"பிரிஞ்சு இருக்கீங்களா?"

"வாயைக் கழுவும்மா. கப்பல்ல இருக்கார்."

"ஓ. எப்ப வருவார்?"

"அதுக்கு ஒரு கட்டம் இருக்கா?"

"இல்லம்மா, நானாத்தான் கேட்டேன்."

நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. 'ஆம்' என்பதை அமுக்கிவிட்டேன். நீங்கள் வசிக்கும் இடம் இதுதான், வேலை பார்க்கும் இடம்தான் கப்பல். நான் சொன்னது சரிதானே?

பத்தொன்பது பேரில் ஒரு ஏஜென்ட் பேசிப் பேசி இருமுவார், இருமி இருமிப் பேசுவார். இருமல்காரர் என்றே நோட்டில் எழுதிவைத்தேன். அவர்தான் விஷயத்தைப் பிடித்தார். "சார் மாசம் எவ்வளவு ஓட்டுவார்?" என்றார். அவர் ஊரில் இல்லை என்றேன். "அப்ப மீட்டர் என்ன காட்டுது, போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு. நீங்கள் கிளம்புவதற்கு முதல்நாள் சர்வீஸ் சீட்டில் எழுதிவைத்த அதே எண், ஓர் இலக்கம்கூட மாறவில்லை. சொன்னதும் மனிதருக்கு இருமலே நின்றுவிட்டது. "அம்மா, உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எங்க கம்பெனி எங்கயோ போயிடும். வண்டி ஓடறதில்ல, ஓட்டறவர் ஊர்லயே இல்ல, விபத்து எங்கேர்ந்து வரும்? ஓடற கிலோமீட்டருக்கு மட்டும் பணம் கட்டற பாலிசி ஒண்ணு புதுசா வந்திருக்கு, உங்களுக்குன்னே தைச்ச சட்டை" என்றார். காருக்குள் ஒரு கருவியை மாட்டி ஒரு மாதம் பார்ப்பார்களாம், பிறகு விலை சொல்வார்களாம்.

இது உங்கள் தங்கை காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. "எதுக்கு அண்ணி இத்தனை பாடு? ஓடாத காரை வித்துட்டா இன்சூரன்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்த இடத்துல நாலு பூந்தொட்டி வைக்கலாம்" என்றாள். "உங்க அண்ணன் வந்தா எதுல உக்காந்து போவார், தொட்டியிலயா?" என்றேன். அன்றிலிருந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளில் வீட்டு வேலை நிறைய முடிந்தது.

ஒருவர் வந்து தீப்பெட்டி அளவில் ஏதோ ஒன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டிவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஓர் ஆய்வாளர் மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், செருப்பை வெளியே ஜோடி சேர்த்து விட்டுவிட்டு வந்தார். உட்கார்ந்து திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஒரு சின்ன சந்தேகம்மா. ஞாயித்துக்கிழமை ஆனா காலையில பதினோரு மணிக்கு இன்ஜின் ஓடுது. முக்கால் மணி நேரம். ஆனா வண்டி ஒரு அடிகூட நகரல."

"ஆமா சார், பேட்டரிக்காக. அவர் சொல்லிட்டுப் போனார், வாரம் ஒரு தடவை ஓட விடுன்னு."

"அதுக்குப் பத்து நிமிஷம் போதுமே. சரி, அது இருக்கட்டும். ஓட்டற சீட்டுல யாரும் இல்ல. பக்கத்து சீட்டுல ஒரு ஆள் இருக்கறதா காட்டுது. பெல்ட்டும் போட்டிருக்கு."

"அது நான்தான் சார்."

"எங்கம்மா போறீங்க?"

உங்களிடம் மறைத்துப் பழக்கமில்லை, அதனால் அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். சாவியைத் திருகுவது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை. திருகிவிட்டு இறங்கிச் சுற்றிப் போய் என் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். உங்கள் சீட்டு நீங்கள் பின்னால் தள்ளிவைத்த மாதிரியே இருக்கிறது, கண்ணாடியும் உங்கள் உயரத்துக்கே திரும்பியிருக்கிறது, அதில் எனக்குக் கூரை ஓடுதான் தெரிகிறது, நான் இரண்டையும் தொடவில்லை. பெல்ட் போடாமல் நீங்கள் வண்டியை எடுக்க மாட்டீர்களே என்று பெல்ட்டும் போட்டுக்கொள்வேன். பிறகு அந்த வாரத்துக் கணக்கைச் சொல்லுவேன், எண்ணெய் என்ன விலை, பால்காரர் எத்தனை நாள் வரவில்லை, கரண்ட் பில் ஏன் ஏறியது, எல்லாம். நீங்கள் ஓட்டும்போதும் நான் பேசினால் பதில் சொல்ல மாட்டீர்கள் இல்லையா, அதனால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. திருப்பத்தில் மட்டும்தான் தெரிகிறது. வழக்கமாக நீங்கள் வளைக்கும்போது நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொள்வேன், இப்போது திருப்பமே வருவதில்லை. பத்து நிமிடத்தில் நிறுத்த வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வாரமும் உட்காருகிறேன். பெட்ரோல் செலவைப் 'பேட்டரி' என்று எழுதிவருகிறேன், மன்னிக்கவும்.

ஆய்வாளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "இதுல காரணம்னு ஒரு இடம் இருக்கும்மா, நான் ஏதாவது எழுதியாகணும்" என்றார். "பராமரிப்புன்னு எழுதிக்குங்க சார்" என்றேன். அப்படியே எழுதினார். போகும்போது, "என் வீட்டுலயும் நான் வாரத்துல ஆறு நாள் இல்லம்மா" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டே செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு விலை வந்தது. வெறும் மூவாயிரத்துத் தொள்ளாயிரம். பழையதற்கும் இதற்கும் வித்தியாசம் ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது. பத்தொன்பது பேரையும் பேசிப் பேசி ஜெயித்துவிட்டேன் என்று நோட்டைத் திறந்து வரவுப் பக்கத்தில் எழுதப் போனேன், எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. சேமிப்பு என்று எழுத மனம் ஒப்பவில்லை. கடைசியில், 'அவர் இல்லாததால் வந்த லாபம்' என்று எழுதினேன். எழுதியதைப் படித்தேன். அடித்தேன். அடித்தது போதாமல் ரப்பர் போட்டுத் தேய்த்ததில் தாள் கிழிந்துவிட்டது. பத்தொன்பது வருடக் கணக்கில் கிழிந்த பக்கம் இது ஒன்றுதான். எந்தப் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே புரியாமல் அன்றைக்கு ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இனி உங்கள் கேள்விக்குப் பதில். உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். நீங்கள் வந்தால் வண்டி ஓடும், ஓடினால் பணம் ஏறும், நான் தளர்த்திய கயிறு மறுபடி இறுகும். நீங்கள் இல்லாதவரைக்கும்தான் இந்த விலை. சம்பளமும் வரும், ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பதும் மிஞ்சும், வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம், உங்கள் தங்கையின் கடனையும் முடிக்கலாம். எனக்கு ஒரு குறையும் இல்லை. நாள் போவதே தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கிறது. ஆகவே ஒரு வருடத்துக்குத் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். நாளைக் காலை பிரார்த்தனை முடித்துவிட்டு நேரே கம்பெனி ஆபீசுக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். ஈரக் கையால் ஒயரைத் தொடாதீர்கள். ஆண்டவன் உங்களையும் கப்பலையும், அதைத் தாங்குகிற தண்ணீரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்காமல் நலமாக இருக்கும்,
உங்கள் மனைவி

பின்குறிப்பு: பணம் கட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அங்கே கவுன்ட்டரில் இருந்த பெண் கடைசியாக ஒரு தாளை என் பக்கம் திருப்பிவைத்தாள். 'வரும் வருடத்தில் வாகனம் ஓடக்கூடிய தூரம்' என்று இருந்தது. அதற்கடியில், 'மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்' என்று போட்டுக் கையெழுத்துக்குக் கோடு. "ஜீரோன்னு போட்டுக்கலாமாம்மா?" என்றாள். பேனாவை வாங்கி நானே எழுதினேன். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இப்படிப் போட்டா பழைய பாலிசியைவிட எண்ணூறு கூட ஆகுமே" என்றாள். "ஆகட்டும்மா" என்று பன்னிரண்டாயிரத்து ஐம்பது கட்டி ரசீது வாங்கிவிட்டேன். உண்மை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், என் ஆயுளில் நான் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. மாதத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் வருகிறது. எனக்கோ ஓட்டத் தெரியாது. அங்கே நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதும்.