பேய் ஏன் கும்பிட்டது?

பெருமதிப்புக்குரிய ஞாயிறு இதழ் ஆசிரியர் ஐயா அவர்களின் சமுகத்துக்கு, றொசல்லைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் பழனியாண்டி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே மழையோடு சுகம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

ஐயா, போன வாரம் தாங்கள் போட்ட பேய்ப் பட விமர்சனத்தில், "பேயாக வரும் பழனியாண்டியைப் பார்த்துக் கைக்குழந்தைகூடப் பயப்படாது" என்று எழுதியிருந்தது. அந்தப் பழனியாண்டி நான்தான். படத்தில் கதையே இல்லை என்று எழுதியதில் எனக்கு ஒன்றுமில்லை. கதையை எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஆனால் பேயைக் குறை சொன்னதை விடமாட்டேன். "இந்தப் படத்தில் நடுங்குவது பேய் மட்டுமே" என்று நக்கல் வேறு. பட்டிப்பொலப் பனியில் ஒற்றை வேட்டியோடு, மேலெல்லாம் கோதுமை மாவைப் பூசி வெறுங்காலில் நிற்கவைத்தால் விமர்சகர் ஐயா நடுங்க மாட்டாரா? "பேய் அடிக்கடி காலைச் சொறிகிறது" என்கிறார். எங்கள் தோட்டத்துக் காட்டோரம் எடுத்த காட்சி அது, மழை நாள், அட்டை கடித்தால் பேய் என்றாலும் சொறியத்தானே வேண்டும்? கடைசியில், "கழுத்தை நெரிக்க வந்த பேய் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கி நிற்பது ஏன்?" என்று கேட்டிருக்கிறார். சொல்கிறேன். அந்த நேரம் பார்த்துக் கேமராவுக்குப் பின்னால் எங்கள் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையின் ஜீப் வந்து நின்றது. இருபத்தெட்டு வருடப் பழக்கம், கை தானாக எழும்பிவிட்டது. டைரக்டர், "அண்ணே, பேய் கும்பிடாதுண்ணே" என்றார். "எங்க தோட்டத்துப் பேயி கும்பிடுந்தான் தம்பி. செத்துட்டா மட்டும் பழக்கம் விட்டுப் போயிருமா?" என்றேன். மறுபடி எடுக்க வெளிச்சமும் இல்லை. படத்திலேயே உண்மையான காட்சி அதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் பதினெட்டு வருடமாக எமன் வேஷம் எனக்குத்தான். அதைப் பார்த்துத்தான் படத்துக்கே கூப்பிட்டார்கள். இப்போது கூத்து வாத்தியார் சண்முகராஜா தங்கள் பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து, "பழனி, கைப்புள்ளகூட பயப்படாதுன்னு பேப்பருலயே போட்டுட்டாங்க. எமனப் பாத்து சனம் சிரிச்சா கூத்து வெளங்குமா? இந்த மாசிக்கு நிரோஷனுக்கு வேசத்தக் குடுத்துருவோம்" என்கிறார். நிரோஷன் கோழி அறுக்கவே கண்ணை மூடுகிறவன். ஐயா, வருடம் முழுக்க எல்லோருக்கும் கும்பிடு போடுகிற எனக்கு அந்த ஒரு நாள்தான் ஊர் வழிவிடும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். வருகிற ஞாயிறே, "விமர்சனம் தவறு, பழனியாண்டி பயங்கரமான பேய்தான்" என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். போடாவிட்டால் ஹட்டனில் ரயிலேறி, எமன் வேஷத்தோடு தங்கள் காரியாலயத்துக்கே வருவேன்.

தங்கள் குடும்பத்தாருக்கும், பாவம், விமர்சகர் ஐயா வீட்டாருக்கும் மாரியம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
வீ. பழனியாண்டி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது மகள் தனுஜா, "அப்பா, நீங்க இன்னும் படத்தப் பாக்கலயே" என்று போனில் போட்டுக் காட்டினாள். கும்பிடு வந்த இடத்தில் என் சம்சாரம் மீனம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை. விமர்சகர் ஐயா இரக்கப்பட்டுக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆகவே மேலே உள்ளதில் ஒன்றையும் போட வேண்டாம். பேயாக நடித்தது வேறொரு பழனியாண்டி, உடப்புசல்லாவைக்காரர் என்று மட்டும் போட்டுவிடுங்கள். அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. வாத்தியார் படப்பிடிப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான். ஆனாலும் பத்திரிகையில் வந்தால் அதைத்தான் நம்புவார்.